நடவாட்களுக்கு யார் சமைப்பது?

கேள்வி: எனக்கு எட்டாம் மாதம். பிள்ளையோடு செத்துப்போன பெண் சுமைதாங்கிக் கல்லில் உட்கார்ந்து, வழியில் போகிற கர்ப்பிணிகளைக் கூப்பிடுகிற பேய்ப்படம் ஒன்றை ராத்திரி போனில் பார்த்துத் தொலைத்தேன். அன்றிலிருந்து தூக்கமில்லை, அடுப்படியில் நின்றாலே அழுகை வருகிறது. கணவர் சிங்கப்பூரில். வளைகாப்பு முடிந்தது, குறுவை நடவு நேரம், ஆட்களுக்குச் சமைக்க மாமியார் ஒருவரால் முடியாதென்று நானேதான் அம்மாவோடு போகாமல் இருந்துவிட்டேன். படம் பிள்ளையைப் பாதிக்குமா? மந்திரித்துக் கயிறு கட்டலாமா?
- வாசகி, திருவையாறு அருகே

பதில்: பேயை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தச் சமையலுக்கு வா.

'நானேதான்' என்று எழுதியிருக்கிறாயே, அதை எனக்குச் சொல்கிறாயா, உனக்கே சொல்லிக்கொள்கிறாயா? கட்டுச்சோறு கட்டிக்கொண்டு கூப்பிட வந்த தாயைத் தனியாகத் திருப்பி அனுப்பியிருக்கிறாய். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துப்போவது அவள் எத்தனை வருஷம் காத்திருந்த உரிமை! 'மருமகள்னா இவதான்' என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதுதானே? சொல்லியிருப்பார்கள். சொன்னவர்களில் ஒருத்தியாவது வந்து சோற்றுப்பானையை இறக்கினாளா? எட்டு மாத வயிற்றோடு குனிந்து கஞ்சி வடிக்கிறவளுக்கு அழுகை வராமல் என்ன வரும்?

சுமைதாங்கி ஊரை மிரட்ட நட்ட கல் இல்லை. கர்ப்பத்தோடு இறந்தவளின் வீட்டார் அவள் நினைவாக நட்டது. தலைச்சுமைக்காரர் இன்னொருவர் கை பிடிக்காமலே சுமையை இறக்கி வைக்கிற உயரத்தில் இருக்கும். திகில் சேர்த்தது சினிமாக்காரர். செத்தவளுக்குக் கல் நட்டார்கள், சரி. உன் சுமையை இறக்க உன் அம்மா வாசல்வரை வந்தாளே, அவளை ஏன் அனுப்பினாய்?

உன் மாமியார் திருக்கருகாவூர் அம்மன் கோயிலில் சுகப்பிரசவத்துக்குத் தருகிற விளக்கெண்ணெய் வாங்கி வைத்திருப்பார். அந்தத் தலத்துக் கதையையும் கேட்டுப் பார். புருஷன் வெளியே போயிருக்க, வேலைக் களைப்பில் கிடந்த வேதிகை, பிச்சைக்கு வந்த முனிவரைக் கவனிக்கவில்லை. அவர் சபித்தார், கரு கலைந்தது. அம்பாள் அதைக் குடத்தில் வைத்துக் காத்தாள். 'எழுந்து பரிமாறினால் என்ன' என்று அவள் கேட்கவில்லை.

ஒரு படம் பார்த்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. கயிறு உன் இஷ்டம். ஆனால் தூக்கமின்மையையும் அழுகையையும் அடுத்த பரிசோதனைவரை தள்ளாமல் டாக்டரிடம் சொல். விடாத தலைவலி, கண் மங்கல், முகத்தில் கையில் வீக்கம் என்றால் காத்து கருப்பு என்று உட்காராதே. அன்றைக்கே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், வண்டி இல்லாவிட்டால் 108.

கணவரிடம் பேறுகாலத்துக்கு லீவு கேட்கச் சொல். பணம் அனுப்புவதோடு அப்பன் கடமை முடிந்துவிடாது. நடவாட்களுக்கா? மெஸ்ஸில் சாப்பாடு சொல்லட்டும், இல்லையென்றால் கூலியோடு சாப்பாட்டுக் காசையும் சேர்த்துக் கொடுக்கட்டும். மாமியார் முகம் சுளித்தால் இரண்டு நாள் சுளிப்பார். அம்மாவுக்கு இப்போதே போன் போட்டு, நாளைக்கே கார் எடுத்து வரச் சொல்.