தோட்டா இருக்கிறது, பிரைமர் மட்டும் ஏன் இல்லை?

பிரைமர் என்பது தோட்டாவின் அடியில் இருந்து உள்ளே இருக்கும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி; வீட்டிலேயே தோட்டா நிரப்புபவர்கள் அதைத் தனியாக வாங்குவார்கள். தோட்டா, பிரைமர் இரண்டையும் செய்வது ஒரே ஆலைகள் என்பதால்தான் அமெரிக்கக் கடைகளில் தயார் தோட்டா அடுக்கியிருக்கும்போதும் உங்களுக்குப் பிரைமர் கிடைப்பதில்லை. சிசிஐ, ஃபெடரல், வின்செஸ்டர், ரெமிங்டன் ஆகிய பெரிய பிரைமர் நிறுவனங்கள் எல்லாமே தோட்டாவும் விற்கின்றன. தேவை ஏறினால் பிரைமர் முதலில் அவர்களுடைய தோட்டாவுக்குள் போகும், மிஞ்சியதுதான் நமக்கு. 2020இல் கொள்முதல் வெறி உச்சத்தில் இருந்தபோது ரெமிங்டன் திவாலானது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் துப்பாக்கி அளவில் தயார் தோட்டாவும் இல்லையென்றால், பெரும்பாலும் பீதியில் மக்கள் வாங்கிக் குவிக்கிறார்கள். பிரைமர் மட்டும் இல்லையென்றால் ஆலை ஒதுக்கீடுதான் காரணமாக இருக்கும்.

இணையத்தில் வாங்கினால் அபாயப் பொருளுக்கான அனுப்பும் கட்டணத்தையும் சேர்த்து, ஒரு பிரைமருக்கு எவ்வளவு ஆகிறது என்று கணக்கிடுங்கள். சிறிய ஆர்டரில் அந்தக் கட்டணமே விலையை ஏற்றிவிடும்.

தோட்டாவுக்குள் நிரப்பும் வெடிமருந்து கிடைக்காததற்கு இந்தக் காரணம் பொருந்தாது. அதன் மூலப்பொருளான நைட்ரோசெல்லுலோஸ், உக்ரைன் போருக்குப் பின் பீரங்கிக் குண்டுகளுக்கும் பெருமளவில் தேவைப்படுகிறது. வழக்கமான மருந்து கிடைக்கவில்லையென்று வேறொன்றைப் பழைய அளவிலேயே நிரப்பிவிடாதீர்கள். துப்பாக்கி வெடித்துச் சிதறலாம். அந்த மருந்துக்கு உற்பத்தியாளர் வெளியிட்ட நிரப்பும் அளவு அட்டவணை இல்லாவிட்டால் காத்திருங்கள்.