ஒரே கேள்விகளுக்குத் தினமும் மடல் எழுதும் சிக்கல்

வணக்கம். ஏற்காட்டில் தங்கும் விடுதி நடத்தும் தாங்கள், அறை வாடகை, வரும் வழி, முன்பணம் ஆகிய மூன்றைப் பற்றியே நாளும் பல மின்னஞ்சல்கள் வருவதாகவும், பதில் எழுதுவதிலேயே முற்பகல் முழுவதும் கழிவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஜிமெயிலைக் கணினியில் திறந்து, அமைப்புகளில் 'அட்வான்ஸ்டு' என்னும் பிரிவில் 'டெம்ப்ளேட்ஸ்' (மீண்டும் மீண்டும் அனுப்பும் மடல்களுக்கான வார்ப்புகள்) வசதியை இயக்கிச் சேமித்துவிடுங்கள். அதன்பின் எழுதும் பெட்டியின் அடியிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், எழுதிய மடலை வார்ப்பாகச் சேமிக்கவும் மீண்டும் எடுக்கவும் முடியும். கைபேசிச் செயலியில் இவ்வசதி கிடையாது என்பதால், அங்கே பயன்படுத்த அதே வாசகங்களைக் குறிப்பேட்டுச் செயலி ஒன்றில் வைத்துக்கொள்ளலாம்.

எதை வார்ப்பில் வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். சேலத்திலிருந்து ஏறும் பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளும், குப்பனூர் வழியாக வரும் மாற்றுப் பாதையும் மாறப்போவதில்லை; அவற்றை விரிவாகவே எழுதிவையுங்கள். வாடகையோ மே மாதக் கூட்டத்தில் ஒன்றும் மழைக்காலத்தில் வேறொன்றுமாக இருக்கும் என்பதால், அந்த இடத்தில் தொகைக்குப் பதிலாக '###' என்று மட்டும் இடுங்கள். விருந்தினர் பெயருக்கும் அவ்வாறே செய்யலாம். நான் பணிபுரியும் சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடையில், பழைய விலையோடு ஒரு வார்ப்பை அப்படியே அனுப்பிவிட்டு, வெள்ளிக் கொலுசுகளை அந்த விலைக்கே கொடுக்க நேர்ந்தது. நீங்களும் அனுப்புமுன் '###' என்னும் குறி எங்கேனும் மீந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.