குப்பத்தில் யாருக்கு விழிப்புணர்வு? – கடிதம்

வணக்கம் ஐயா,

சென்னையில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கடலோரப் பாதுகாப்பு அமைப்பு ஒன்றில் மூன்று மாத இன்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. ஜனவரியிலிருந்து இரவில் ஆமை முட்டைகளைத் தேடிக் கரையோரம் நடக்கும் 'ஆமை நடை', ஞாயிற்றுக்கிழமைகளில் கடற்கரையில் குப்பை அள்ளுவது, மீனவக் குப்பங்களில் விழிப்புணர்வு நிகழ்ச்சி. சம்பளம் கிடையாது, சான்றிதழ் உண்டு. 'ராத்திரியில் கடற்கரையில் உனக்கென்ன வேலை' என்கிறார்கள் வீட்டில். சேரலாமா? இந்தச் சான்றிதழ் மேற்படிப்புக்கு உதவுமா? ஆமைகளைக் காப்பாற்றுவது பற்றி மீனவர்களுக்குப் புரியும்படி எப்படி எடுத்துச் சொல்வது?

ம., சென்னை

அன்புள்ள ம.,

சேருங்கள். சான்றிதழ் விஷயத்தை உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டில் பயப்படுவது இயல்புதான். ஆமை நடைக்குக் கூட்டமாகத்தான் போகிறார்கள் என்று சொல்லுங்கள். முடிந்தால் ஒரு சனிக்கிழமை இரவு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். சம்பளம் இல்லாவிட்டாலும் பஸ் செலவுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் பணம் கேளுங்கள், அதில் வெட்கம் வேண்டாம்.

உங்கள் கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்ச நாளாகவே மனதில் உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் அது. மீனவர்களுக்குப் புரியவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது?

பல வருடங்களுக்கு முன் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடந்த ஒரு கூட்டத்தில் நானும் இருந்தேன். ஆளுக்கொரு டார்ச் அடித்துக்கொண்டு போனோம். வழியில் வலையைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "அத்த மொதல்ல அணைங்கப்பா, வெளிச்சத்தப் பாத்தா ஏறாது" என்றார். பிறகு அவரே எழுந்து வந்து, ஆமை ஏறி இறங்கிய தடத்தைக் காலால் காட்டினார். முட்டை எந்தப் பக்கம் இருக்கும் என்றும் சொன்னார். அங்கேதான் இருந்தது. எங்களோடு வந்த ஒரு பையன் அவரிடமே ஆமை ஏன் முக்கியம் என்று விளக்க ஆரம்பித்தான். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். எனக்கு உடம்பு கூசியது.

அந்த மனிதருக்குத் தெரிந்ததை நினைத்துப் பாருங்கள். தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி என்ற நீரோட்டம் எந்த மாதம் திரும்பும், எந்தக் காற்றுக்கு எந்த மீன் வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டியதும் வடக்கே போக வேண்டிய மணல் தெற்கே தேங்கியது. மெரினா அகலமானது, ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. நாம் அதைப் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம், அந்தப் பக்கத்துக் குப்பங்கள் வீடுகளை இழந்து அறிந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது, படகில் போய் அதைக் கையால் அள்ளியவர்கள் மீனவர்கள். அதற்கு எந்தச் சான்றிதழும் இல்லை.

சரி, ஆமைகள் ஏன் சாகின்றன? 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். விசைப்படகுகள் மணிக்கணக்கில் இழுக்கும் இழுவை மடி என்ற பெரிய வலையில் சிக்கினால் மூச்சு முட்டிச் சாகும். கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் விசைப்படகுகள் இழுவை மடி போடக் கூடாது என்பது இங்கே சட்டம். அதைக் கண்காணிக்க வேண்டியது அரசு. ஃபைபர் படகில் போகும் குப்பத்து ஆளும் விசைப்படகு முதலாளியும் ஒரே ஆள் இல்லை. இந்த வித்தியாசம்கூடத் தெரியாமல் குப்பத்துப் பெண்களை உட்காரவைத்து ஆமை படம் காட்டுவது அவர்களை அவமதிப்பதுதான். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

கோபமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். இருட்டில் கிலோமீட்டர் கணக்காக மணலில் நடக்க இருபது வயதில் ஒருவர் தயாராக இருப்பது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? 1988இலிருந்து இந்தக் கரையில் வருடா வருடம் மாணவர்கள்தான் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். ஒரு குழியில் நூறுக்கு மேல் முட்டை இருக்கும். ஏறத்தாழ 45 நாளில் குஞ்சுகள் மேலே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் ஓடும். இருட்டான கரையில் அது கடல் பக்கம். நம் கரையில் அது தெருவிளக்கு, ஹோட்டல் விளக்கு, ஈ.சி.ஆர். பங்களாவின் தோட்ட விளக்கு.

அங்கே போய்ப் பேசுங்கள். கடலைப் பார்த்த பால்கனி உள்ள வீடுகளில் மணியடித்து, ஜனவரியிலிருந்து குஞ்சுகள் போய் முடியும் வரை ராத்திரியில் வெளிவிளக்கை அணைக்கச் சொல்லுங்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் நேரம் கேளுங்கள். கதவைச் சாத்துவார்கள், வாட்ச்மேன் விடமாட்டார், மறுபடி போங்கள். குப்பத்தில் பெஞ்ச் போட்டு மைக் பிடிப்பதைவிட இது கஷ்டம். அதனால்தான் எந்த அமைப்பின் திட்டத்திலும் இது முதலில் வருவதில்லை.

குப்பத்துக்கும் போங்கள், ஆனால் கேட்கப் போங்கள். காலையில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் ஓரமாக நில்லுங்கள். வலை பின்னுகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். அவர்களாகப் பேசும்வரை ஆமையைப் பற்றி வாய் திறக்காதீர்கள். உங்கள் ஒருங்கிணைப்பாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தப் பதிலை அவரிடம் காட்டலாம், என் பெயரோடு. பிப்ரவரியில் எனக்கு மறுபடி எழுதுங்கள்.