கர்சர் தப்பான பெட்டியிலேயே நிற்க என்ன எழுத வேண்டும்?

கேள்வி: எம்.எஸ். அக்சஸில் பில் என்ட்ரி ஃபார்ம் ஒன்று செய்திருக்கிறேன். வாடிக்கையாளர் எண்ணைத் தப்பாக அடித்தால் மெசேஜ் வந்து, கர்சர் அதே பெட்டியில் நிற்க வேண்டும். ஆஃப்டர் அப்டேட்டில், கர்சரை ஒரு பெட்டிக்கு அனுப்பும் செட்ஃபோகஸ் கட்டளையை எழுதினேன். மெசேஜ் வருகிறது, கர்சர் மட்டும் அடுத்த பெட்டிக்குப் போய்விடுகிறது. ஏன்?

பதில்: கட்டளையில் பிழை இல்லை, அதை எழுதிய இடம்தான் தப்பு. பெட்டியில் எதையாவது மாற்றிவிட்டு டேப் அல்லது என்டர் அடித்ததும், அக்சஸ் நான்கு நிகழ்வுகளை வரிசையாக ஓட்டுகிறது: பிஃபோர் அப்டேட், ஆஃப்டர் அப்டேட், எக்சிட், லாஸ்ட் ஃபோகஸ். ஆஃப்டர் அப்டேட் ஓடும் நேரத்தில் கர்சர் இன்னும் பழைய பெட்டியில்தான் இருக்கிறது. வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் ‘வீட்டுக்குப் போ’ என்று சொன்ன மாதிரி, செட்ஃபோகஸ் ஒன்றும் செய்யாமல் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு, நீங்கள் ஏற்கெனவே அடித்த டேப் தன் பாட்டுக்குக் கர்சரை நகர்த்திவிடுகிறது.

வெளியே போனதைத் திரும்ப இழுக்காதீர்கள், வாசலிலேயே மறியுங்கள். அதற்கான இடம் பிஃபோர் அப்டேட். டிசைன் வியூவில் அந்தப் பெட்டியின் பிராப்பர்ட்டி ஷீட்டைத் திறந்து, ஈவன்ட் பக்கத்தில் பிஃபோர் அப்டேட் வரியின் மூன்று புள்ளிகளை அழுத்தி, கோட் பில்டரில் இப்படி எழுதுங்கள் (எடிட்டரில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்):

இஃப் டிகவுண்ட்("*", "வாடிக்கையாளர்", "எண்=" & என்இசட்(மீ.எண், 0)) = 0 தென்
மீ.எச்சரிக்கை.விசிபிள் = ட்ரூ
கேன்சல் = ட்ரூ
எல்ஸ்
மீ.எச்சரிக்கை.விசிபிள் = ஃபால்ஸ்
எண்ட் இஃப்

டிகவுண்ட், வாடிக்கையாளர் டேபிளில் அந்த எண் எத்தனை முறை இருக்கிறது என்று எண்ணும்; 0 என்றால் எண் தப்பு. கேன்சல் = ட்ரூ போதும், அது மதிப்பை ஏற்காமல் கர்சரை அதே பெட்டியில் நிறுத்திவிடும். இங்கே செட்ஃபோகஸ் சேர்த்தால் 2108 என்ற பிழை வரும்: பெட்டியின் மதிப்பு இன்னும் சேமிக்கப்படாததால் ஃபோகஸை (கர்சர் நிற்கும் இடத்தை) மாற்ற முடியாது என்பது அதன் பொருள். காலியான மதிப்பை 0 ஆக்கும் என்இசட் இல்லாமல் விட்டால், பெட்டியை அழித்துவிட்டு நகரும்போது நிபந்தனை பாதியில் அறுந்து வேறொரு பிழை வரும். எண் என்பது டெக்ஸ்ட் வகைப் புலமாக இருந்தால் மதிப்பைச் சுற்றி ஒற்றை மேற்கோள் குறியும் வேண்டும்.

‘எச்சரிக்கை’ என்பது ஃபார்மில் மறைத்து வைத்த ஒரு லேபிள். மெசேஜ் பாக்ஸ் போடாததற்குக் காரணம் உண்டு. கோடு எழுதும் விபிஏ எடிட்டர் யூனிகோடு (தமிழ் போன்ற மொழிகளுக்கான எழுத்து முறை) ஏற்பதில்லை, தமிழில் அடித்த வாசகம் கேள்விக்குறிகளாகிவிடும். லேபிளில் தமிழ் ஒழுங்காகத் தெரியும். அதோடு, ஒவ்வொரு தப்புக்கும் ஓகே அழுத்தச் சொன்னால், நாளெல்லாம் என்ட்ரி போடுகிறவர் படிக்காமலே அழுத்தப் பழகிவிடுவார்.

தப்பான எழுத்துகள் முழுவதும் தேர்வாகி, அவற்றின் மேலேயே அடித்துத் திருத்த வசதியாக, கேன்சலுக்குக் கீழே மீ.எண்.செல்ஸ்டார்ட் = 0, அடுத்த வரியில் மீ.எண்.செல்லெங்த் = லென்(மீ.எண்.டெக்ஸ்ட்) என்று எழுதலாம். கவனம்: டெக்ஸ்ட் பண்பைப் படிக்க அந்தப் பெட்டியில் ஃபோகஸ் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் 2185 என்ற பிழை வரும். மற்ற இடங்களில் வேல்யூவையே பயன்படுத்துங்கள்.

இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. பெட்டியில் எதையுமே அடிக்காமல் டேப் அழுத்தினால் பிஃபோர் அப்டேட் ஓடவே ஓடாது, மாற்றம் இருந்தால்தான் அது எழும். உடனே பலரும் எக்சிட்டில் கேன்சல் போடுவார்கள். அதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை: எண் தெரியாதவர் அந்தப் பெட்டியிலேயே மாட்டிக்கொள்வார், ‘ரத்து’ பட்டனைக்கூட அழுத்த முடியாது. காலியான பெட்டிகளை ஃபார்மின் பிஃபோர் அப்டேட்டில் சோதியுங்கள். ரெக்கார்டு சேமிக்கப்படும் தறுவாயில் அது ஓடும். அங்கே கேன்சல் = ட்ரூ போட்டு, காலியான பெட்டிக்கு செட்ஃபோகஸும் கொடுக்கலாம், 2108 வராது.

செட்ஃபோகஸ் தரும் மற்றப் பிழைகள் பெரும்பாலும் இவைதான். மறைத்த அல்லது முடக்கிய பெட்டிக்கு அனுப்பினால் 2110. கர்சர் நிற்கும் பெட்டியை முடக்கினால் 2164, மறைத்தால் 2165. இரண்டிலும் முதலில் கர்சரை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு முடக்க வேண்டும். சப்ஃபார்முக்குள் (ஃபார்முக்குள் வைத்த இன்னொரு ஃபார்ம்) போக இரண்டு வரி தேவை: முதலில் சப்ஃபார்ம் கண்ட்ரோலுக்கு செட்ஃபோகஸ், பிறகு அதற்குள் இருக்கும் பெட்டிக்கு. முதல் வரியை விட்டால் பிழை எதுவும் காட்டாது, கர்சர் மட்டும் மெயின் ஃபார்மிலேயே நிற்கும்.

கோடு எழுதும் முன் ஒன்றைப் பாருங்கள். கர்சர் போகும் வரிசையை டேப் இண்டெக்ஸ் தீர்மானிக்கிறது, அது 0-விலிருந்து தொடங்கும். பில் தொகை போன்ற கணக்கிட்ட பெட்டிகளுக்கு டேப் ஸ்டாப்பை ‘நோ’ ஆக்குங்கள். கடைசிப் பெட்டியில் டேப் அடித்ததும் புது ரெக்கார்டுக்குத் தாவுவது பிடிக்கவில்லையென்றால் ஃபார்மின் சைக்கிள் பண்பை ‘கரண்ட் ரெக்கார்டு’ என்று மாற்றுங்கள்.

பார்கோடு ஸ்கேனர் வைத்திருப்பவர்களுக்கும் இதே பண்பு உதவும். ஸ்கேனர் எண்ணோடு என்டரையும் அனுப்புவதால் கர்சர் நகர்ந்துவிடும். ஸ்கேன் பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் டேப் ஸ்டாப்பை ‘நோ’ ஆக்கி, சைக்கிளை ‘கரண்ட் ரெக்கார்டு’ ஆக்கினால், கர்சர் சுற்றி அதே பெட்டிக்கு வந்துவிடும், ஒரு வரி கோடுகூட எழுதாமல்.