ஓடுபாதைக்குப் பக்கத்தில் ட்ரோன்: உயரத்தைக் குறைத்துக் கேளுங்கள், அனுமதி கிடைக்கும் வாய்ப்பு கூடும்

கேள்வி: நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் கூரையை ட்ரோனில் படம் எடுத்துத் தரும் வேலை வந்திருக்கிறது. எங்கே விரிசல், எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கட்டடம் ஒரு விமான ஓடுபாதையின் முனையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. என் ட்ரோன் 249 கிராம், அதற்கு அனுமதியே வேண்டாம் என்கிறார்கள் சிலர். ஆனால் செயலியில் அந்த இடம் சிவப்பாகத் தெரிகிறது. ஒருமுறை 120 மீட்டர் உயரம், ஒரு வாரம் என்று கேட்டு விண்ணப்பித்தேன். காரணம் சொல்லாமல் நிராகரித்துவிட்டார்கள். இப்போது என்ன செய்வது?

பதில்: எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, படிவமும் அலுவலகமும்தான் நாட்டுக்கு நாடு மாறும், அனுமதி தருகிறவர் பார்க்கிற விஷயம் எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விதிகள் வேறுபடும் இடத்தில் இரண்டு மூன்று நாடுகளை உதாரணமாகச் சொல்கிறேன்.

முதலில் அந்த நிராகரிப்பு. காரணம் அவர்கள் சொல்லவில்லை என்றாலும் உங்கள் கேள்வியிலேயே அது பெரும்பாலும் தெரிகிறது: 120 மீட்டர், ஒரு வாரம். நான்கு மாடிக் கட்டடத்தின் கூரை 15 மீட்டர் உயரத்தில் இருக்கும். விரிசல் பார்க்க அதற்கு மேலே 10, 15 மீட்டர் போதும், அதாவது தரையிலிருந்து 30 மீட்டர். வேலையும் இரண்டு பேட்டரியில் முடிந்துவிடும். தேவை 30 மீட்டரும் ஒரு மணி நேரமும்தான் என்றால், 120 மீட்டரும் ஒரு வாரமும் எதற்குக் கேட்டீர்கள்? சட்டப்படி அதிகபட்சம் அதுதானே, கேட்டு வைப்போம் என்று பலர் நினைக்கிறார்கள். வெட்டவெளியில் பறக்க அந்த எண்ணம் சரி. ஓடுபாதைக்குப் பக்கத்தில் அதுதான் கதவை அடைக்கிறது.

ஏன் என்று புரிய ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையிறங்கும் விமானம் வழக்கமாக 3 டிகிரி சரிவில் இறங்குகிறது. ஓடுபாதை முனையை அது கடக்கும்போது ஏறக்குறைய 50 அடி, அதாவது 15 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிப் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 52 மீட்டர் கூடும். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் 67 மீட்டர், இரண்டில் 120, மூன்றில் 172. இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் 120 மீட்டருக்குப் பறக்கிற ட்ரோன் விமானம் வருகிற உயரத்திலேயே இருக்கிறது, யாரும் எந்தத் தவறும் செய்யாமலே. உங்கள் இடம் 3 கிலோமீட்டர், அது ஓடுபாதையின் நேர்க்கோட்டிலேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 120 மீட்டரில் நீங்கள் பறக்கும்போது மேலே வரும் விமானத்துக்கும் உங்களுக்கும் இடையில் ஐம்பது மீட்டர்தான். 30 மீட்டரில் பறந்தால் நூற்று நாற்பது. ஹெலிகாப்டர்கள் இந்தக் கோட்டையெல்லாம் பின்பற்றாது, தாழ்வாக, எந்தத் திசையிலிருந்தும் வரும், அது தனி. ஏடிசி, அதாவது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கன்ட்ரோலர், உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது மனதில் ஓடுவது இந்தக் கணக்குதான். நீங்கள் எவ்வளவு திறமையான பைலட், கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதெல்லாம் அவருக்கு ரொம்பப் பின்னால் வரும் கேள்விகள்.

அதனால் முதல் வேலையாக ஒரு வரைபடத்தை எடுத்து ஓடுபாதையை இரண்டு பக்கமும் நேராக நீட்டிக் கோடு போடுங்கள். உங்கள் கட்டடம் அந்தக் கோட்டின் கீழே இருக்கிறதா, பக்கவாட்டில் விலகி இருக்கிறதா? பிரிட்டனில் விதியே இப்படித்தான் வரையப்பட்டிருக்கிறது: விமானத்தளத்தைச் சுற்றி 2 அல்லது 2.5 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம், அதோடு ஓடுபாதையின் ஒவ்வொரு முனையிலிருந்தும் 5 கிலோமீட்டர் நீளம், 1 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை, இரண்டும் 2000 அடி உயரம் வரை. 2018 டிசம்பரில் ட்ரோன் தெரிந்ததாக வந்த புகார்களால் காட்விக் விமான நிலையம் நின்று, ஏறக்குறைய 1,40,000 பயணிகள் தவித்தார்களே, அதற்குச் சில மாதங்கள் கழித்து 2019 மார்ச்சில் இந்த எல்லைகள் விரிவாக்கப்பட்டன.

அடுத்து அந்த 249 கிராம் விஷயம். இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். 250 கிராமுக்குக் கீழே இருந்தால் பல நாடுகளில் பதிவிலோ தேர்விலோ சலுகை உண்டு, அது உண்மை. ஆனால் பதிவுச் சலுகை வேறு, வான்வெளி அனுமதி வேறு. பிரிட்டனில் மேலே சொன்ன தடை எடை பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகச் சின்ன ட்ரோன் பறக்கவிட்டாலும் கட்டுப்பாட்டு வான்வெளியில், அதாவது ஏடிசியின் பொறுப்பில் உள்ள வானத்தில், அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவிலோ கட்டுப்பாட்டு டவர் இயங்கும் விமான நிலையத்திலிருந்து 5.5 கிலோமீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்ற விதி 250 கிராமுக்கு மேற்பட்டவற்றுக்குத்தான், ஆனால் அங்கேயும் விமானத்துக்கு ஆபத்து உண்டாக்கினால் குற்றம் குற்றம்தான். ஆக, இன்னொரு நாட்டுக்காரர் வீடியோவில் சொன்னதை நம்பி ட்ரோனைக் கிளப்பாதீர்கள். உங்கள் நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதியை நீங்களே ஒருமுறை வாசியுங்கள். இன்னொன்று, நீங்கள் செய்வது கூலி வாங்கிச் செய்யும் வேலை. பொழுதுபோக்குக்குக் கிடைக்கும் சலுகைகள் பல இடங்களில் அதற்குக் கிடைக்காது.

சரி, யாரிடம் கேட்பது? விமானத்தளத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளி என்றால் பெரும்பாலும் அந்த இடத்தின் ஏடிசி. சின்னத் தளம், டவரே இல்லை என்றால் தளத்தை நடத்துகிறவர். ராணுவத் தளம் என்றால் முற்றிலும் வேறு வழி, வேறு காலக்கெடு. வரைபடத்தில் தடை செய்யப்பட்ட பகுதி என்று தனியாகக் குறித்திருந்தால் பக்கத்து டவர் நினைத்தாலும் அனுமதி தர முடியாது. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகள் இதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கின்றன. விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வளையத்தில் 200 அடி வரை பச்சை, அதற்கு மேலே மஞ்சள். மஞ்சளுக்கு அந்த வான்வெளியைப் பார்க்கும் ஏடிசி அனுமதிக்க வேண்டும், சிவப்புக்கு மத்திய அரசு. அமெரிக்காவில் விமான நிலையத்தைச் சுற்றியுள்ள பகுதியைக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் 0 முதல் 400 அடிக்குள் ஓர் உயரம் போட்டிருக்கிறார்கள். அந்த உயரத்துக்குள் கேட்டால் லான்ஸ் என்கிற அமைப்பு வழியாகச் சில நொடிகளிலேயே அனுமதி வந்துவிடும், அதைத் தாண்டிக் கேட்டால் ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும், நாட்கள் ஓடும். கனடாவில் நாவ் ட்ரோன் என்ற செயலி. எந்த நாட்டுக் கட்டமைப்பைப் பார்த்தாலும் தாழ்வாகப் பறக்கிறவருக்கு வழி எளிதாக இருப்பது தெரியும்.

ட்ரோன் செயலியில் தெரியும் சிவப்பு நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அது தயாரிப்பு நிறுவனம் போட்ட பூட்டு. அரசின் அனுமதி வேறு. ட்ரோன் தயாரிக்கும் டிஜேஐ நிறுவனம் பூட்டைத் திறந்து கொடுத்துவிட்டது என்பதால் சட்டப்படி அனுமதி கிடைத்ததாக ஆகாது. அதேபோல, கையில் ஏடிசி அனுமதி இருந்தும் பூட்டைத் திறக்காமல் போனால் மோட்டார் சுற்றாது, கட்டடத்துக்காரர் முன்னால் கையைப் பிசைந்து நிற்க வேண்டியதுதான். 2025 ஜனவரியில் டிஜேஐ அமெரிக்காவில் இந்தப் பூட்டுகளை எடுத்துவிட்டு எச்சரிக்கையாக மட்டும் மாற்றியது, ஐரோப்பாவில் அதற்கு முந்தைய ஆண்டே. ஆகவே செயலி தடுக்கவில்லை என்பதை அனுமதியாக எடுத்துக்கொள்ளவே கூடாது.

இப்போது விண்ணப்பம். படிவத்தில் 'பறத்தலின் விவரம்' என்று ஒரு கட்டம் இருக்கும், பலர் அதில் 'ஏரியல் போட்டோகிராஃபி' என்று இரண்டு சொல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் நீங்கள் மெனக்கெட வேண்டும். உங்கள் வேலைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"நான்கு மாடிக் கட்டடத்தின் கூரை ஆய்வு. பறக்கும் பகுதி கட்டடத்தின் மையத்திலிருந்து 40 மீட்டர் ஆரத்துக்குள். அதிகபட்ச உயரம் தரையிலிருந்து 30 மீட்டர், 100 அடி. அந்த இடத்தின் தரை கடல் மட்டத்திலிருந்து 210 மீட்டர், எனவே அதிகபட்சம் கடல் மட்டத்திலிருந்து 240 மீட்டர், 790 அடி. காலை 7 முதல் 8 மணிக்குள் இரண்டு முறை, ஒவ்வொன்றும் 15 நிமிடம். மழை, பலத்த காற்று என்றால் மறுநாள் அதே நேரம். ட்ரோன் எப்போதும் கண் பார்வைக்குள் இருக்கும், வானத்தைப் பார்க்க உடன் ஒருவர் இருப்பார். டவர் சொன்னால் 60 விநாடிக்குள் தரையிறக்கிவிட முடியும். பறக்கும் நேரம் முழுவதும் இந்த எண்ணில் கிடைப்பேன்."

இதில் அந்த 60 விநாடி வாக்கியம் முக்கியம். திடீரென்று ஓர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் வந்தால் இந்த ஆளை எவ்வளவு சீக்கிரம் கீழே இறக்கலாம் என்பதுதான் கன்ட்ரோலரின் கவலை. கேட்காமலே அதற்குப் பதில் சொன்னால் வேலை தெரிந்தவர் என்பது அவருக்குப் புரியும். சொல்வதற்கு முன் திறந்தவெளியில் 30 மீட்டரிலிருந்து இறக்கிப் பார்த்து உங்கள் ட்ரோனுக்கு உண்மையில் எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்துகொள்ளுங்கள், முடியாத எண்ணை எழுதாதீர்கள். நேரத்தையும் அவர்களிடமே விடலாம்: "இந்த நேரம் வசதியில்லை என்றால் நீங்கள் சொல்லும் நேரத்தில் வருகிறேன்." காலையில் வரிசையாக விமானம் இறங்கும் தளத்தில் மதியம் காலியாக இருக்கலாம், அது அவர்களுக்குத்தான் தெரியும்.

எண்களில் கவனம் வேண்டும். விமானக்காரர்கள் அடியில் பேசுவார்கள், உங்கள் ட்ரோன் மீட்டரில் காட்டும். 100 என்று மட்டும் எழுதினால் 30 மீட்டரா 100 மீட்டரா என்று யாருக்கும் தெரியாது. ட்ரோன் காட்டும் உயரம் நீங்கள் கிளப்பிய இடத்திலிருந்து, அவர்கள் கணக்கிடுவதோ பெரும்பாலும் கடல் மட்டத்திலிருந்து, ஆகவே இரண்டையும் எழுதுங்கள். கட்டட மாடியிலிருந்தே கிளப்பினால் திரையில் 30 காட்டும்போது தரையிலிருந்து 45 மீட்டர் ஆகிவிடும், அனுமதி மீறப்பட்டதே உங்களுக்குத் தெரியாது. அப்புறம் அட்சரேகை, தீர்க்கரேகை. 12.30 டிகிரி வேறு, 12 டிகிரி 30 நிமிடம் வேறு. அட்சரேகையில் இந்த இரண்டுக்கும் நடுவே 22 கிலோமீட்டர் இருக்கிறது. நேரத்தைச் சில இடங்களில் உள்ளூர் நேரத்தில் அல்லாமல் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் கேட்பார்கள், அதையும் பார்த்து எழுதுங்கள்.

அனுமதி கையில் வந்த பிறகு பெரும்பாலானோர் மறக்கிற ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: ரிட்டர்ன் டு ஹோம் உயரம். சிக்னல் விட்டுப்போனால் ட்ரோன் தானாக ஒரு குறிப்பிட்ட உயரத்துக்கு ஏறி, அப்புறம் கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். அந்த உயரத்தை எப்போதோ வேறு ஒரு வேலைக்காக 80, 100 மீட்டர் என்று வைத்திருப்பீர்கள். இப்போது அனுமதி 30 மீட்டர். கூரையின் மறுபக்கம் போகும்போது கான்கிரீட் மறைத்து சிக்னல் போனால், நீங்கள் ஒன்றுமே செய்யாமல் அது 100 மீட்டருக்கு ஏறும், அதுவும் ஓடுபாதைக்குப் பக்கத்தில். அதனால் கிளப்புவதற்கு முன் செட்டிங்ஸுக்குப் போய் அதிகபட்ச உயரத்தை 30 என்று பூட்டுங்கள், ரிட்டர்ன் உயரத்தை அதற்குக் கீழே, ஆனால் கூரைத் தொட்டி, ஆன்டெனா எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். இரண்டுக்கும் நடுவே இடமில்லாத கட்டடம் என்றால் சிக்னல் போனால் அங்கேயே நிற்கும்படி வைக்கலாம், அப்போது சிக்னல் பிடிக்கும் இடத்துக்கு நீங்கள் நடந்து போக வழி இருக்க வேண்டும். பேட்டரி மிகவும் குறைந்தால் ட்ரோன் தானாக இறங்கத் தொடங்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

பறக்கும் நாளன்று காலை நோட்டாம், அதாவது விமானிகளுக்கு வெளியிடும் அறிவிப்புகளைப் பாருங்கள். அனுமதி கொடுத்த பிறகு ஏதாவது தற்காலிகத் தடை வந்திருக்கலாம். கிளப்புவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் டவரை அழைக்கச் சொல்லியிருந்தால் தவறாமல் அழையுங்கள். இறக்கியதும் சொல்லும் அந்த இரண்டாவது அழைப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுவரை கன்ட்ரோலருக்கு உங்கள் ட்ரோன் இன்னும் வானத்தில்தான் இருக்கிறது. விமானங்களைக் காட்டும் செயலி உதவும்தான், ஆனால் எல்லாச் சின்ன விமானங்களும் அதில் தெரியாது, காதும் கண்ணும்தான் முதல் துணை. ட்ரோன் கைமீறிப் போய்விட்டால் தேடிக்கொண்டு ஓடாதீர்கள். உடனே டவரை அழைத்து எந்தத் திசை, என்ன உயரம், பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்ற மூன்றையும் சொல்லுங்கள். அந்த மூன்றும் தெரிந்தால் வரும் விமானத்தைச் சற்று நேரம் காத்திருக்கச் சொல்லவா, திருப்பி அனுப்பவா என்று அவர்களால் முடிவெடுக்க முடியும்.

இவ்வளவு செய்தும் மறுபடி நிராகரித்தால்? காரணத்தை மரியாதையாகக் கேளுங்கள், "எந்த உயரம், எந்த நேரம் என்றால் பரிசீலிப்பீர்கள்" என்று சேர்த்துக் கேளுங்கள். பக்கத்தில் உயரமான கட்டடமோ மரங்களோ இருந்தால் அவற்றின் உச்சிக்கு மேலே போகமாட்டேன் என்று எழுதலாம். நியூசிலாந்தில் இது விதியிலேயே இருக்கிறது: ஏதாவது ஒரு கட்டுமானத்திலிருந்து 100 மீட்டருக்குள், அதன் உச்சிக்குக் கீழேயே பறந்தால் விமானத்தளத்துக்குப் பக்கத்திலும் நிபந்தனைகளோடு வழி கிடைக்கிறது. விமானம் ஏற்கெனவே அந்தக் கட்டடத்தைத் தவிர்த்துத்தான் பறக்கிறது, அதனால் அதன் மறைவில் இருக்கும் ட்ரோன் புதிதாக ஓர் ஆபத்தைச் சேர்ப்பதில்லை என்பது தர்க்கம். உங்கள் நாட்டில் அப்படி விதி இல்லாவிட்டாலும் கன்ட்ரோலருக்கு அந்த வாதம் புரியும்.

கட்டடத்துக்காரரிடம் இப்போதே பேசிவிடுங்கள். தேதியை அனுமதி வந்த பிறகுதான் உறுதிசெய்வேன், வராவிட்டால் மாடிக்கு ஏறி நீளமான கம்பத்தில் கேமராவைக் கட்டிப் படம் எடுத்துத் தருவேன் என்று சொல்லுங்கள். நான்கு மாடிக் கூரையில் விரிசல் தேட அது தாராளமாகப் போதும்.