ஒரு சொல் கிடைத்தால்தான் கேமராவை எடுப்பேன்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

பாம்பனில் இருந்து எழுதுகிறேன். இந்தக் கரையைப் படம் எடுப்பதும் அதைப் பற்றி எழுதுவதும் பதினைந்து வருடப் பழக்கம். எப்படிச் செய்கிறீர்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஒரு படத்துக்கான எண்ணம் எங்கிருந்து வருது? வேற ஆட்கள் எடுத்த படங்களைப் பார்ப்பீங்களா? (தொண்டித் தம்பி ஒருவர்)

நிறையப் பார்ப்பேன் தம்பி. ஆனால் எனக்குப் படம் தொடங்குவது யாரோ பேசுகிற ஒரு சொல்லில். என் அப்பத்தா தனுஷ்கோடியில் வாழ்ந்தவர், 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறம் ராமேஸ்வரத்துக்கு வந்தவர். கேமரா வாங்கிய புதிதில் நானும் அங்கே இடிந்து நிற்கிற சர்ச்சைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் அந்தப் படங்களை எல்லாம் அவரிடம் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார், சர்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, "ஊத்து இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டு பக்கமும் உப்புக்கடல், நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு, அதில் கொஞ்சம் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் ஊறும், அதுதான் ஊத்து. மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனம் கூடிய உப்புத்தண்ணீருக்கு மேலேயே தங்கிவிடுவதால் வருகிற தண்ணீர் அது. அத்தனை தடவை போயும் அது என் கண்ணில் பட்டதில்லை, ஏனென்றால் அந்தச் சொல் என்னிடம் இல்லை. மறுநாள் ஊத்தைத் தேடியே போனேன். ஒரு அம்மா குனிந்து சிரட்டையால் மொண்டு மொண்டு குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல், தண்ணீர் கலங்கிவிடாமல். என்னுடைய முதல் படம் என்று நான் சொல்வது அதைத்தான். அன்றிலிருந்து பையில் கேமராவோடு ஒரு நோட்டும் இருக்கிறது. அதில் பெரும்பாலும் சொற்கள்தான்.

எந்த நாள், எந்த இடம் என்று எப்படி முடிவு பண்ணுவீர்கள்?

காற்றைக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். போனில் வானிலையும் பார்ப்பேன், ஆனால் விடிகாலையில் டீக்கடையில் படகுக்காரர்கள் பேசுவதைக் கேட்டால்தான் எனக்குத் தெளிவு வரும். ராமேஸ்வரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தனுஷ்கோடிப் பக்கம் அமைதியான வடக்கைப் பெண்கடல் என்றும் முரட்டுத் தெற்கை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். ஆனி ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது தெற்கே அலை ஏறும், வடக்கே குளம் மாதிரிக் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கியதும் அப்படியே திரும்பிவிடும், வடகடல் கலங்கி, தென்கடல் அடங்கும். காற்று மாற மாற நாட்டுப்படகுக்காரர்களில் பலர் கரை மாறுவார்கள். அவர்கள் பின்னால் போனால் போதும், வேலையும் வெளிச்சமும் ஒரே இடத்தில் கிடைக்கும். பூநாரை வேண்டும் என்றால் குளிர்கால மாதங்களில் கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தேங்குநீருக்கு வாருங்கள். தூரத்திலேயே நில்லுங்கள், மேய்கிற கூட்டத்தைக் கிளப்பி எடுக்கிற படம் எனக்குப் பிடிக்காது.

என்ன கேமரா, என்ன லென்ஸ்?

பழைய கேமரா ஒன்று, 35 எம்எம் லென்ஸ் ஒன்று. வெள்ளை மணலில் கேமராவின் ஒளிமீட்டரை நம்பினால் படம் இருண்டு வரும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரண்டு மடங்காக, கூட்டி வையுங்கள். கடற்கரையில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். ஒரு கச்சான் நாளில் மாற்றப் போய், மணல் புகுந்து ஷட்டர் சிக்கி, இரண்டு மாதம் கேமரா இல்லாமல் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் உப்பு படிந்த கேமராவின் வெளிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள்.

கடல்பாசி எடுக்கிற பெண்களை நீங்கள் நிறைய எடுத்திருக்கிறீர்கள். ஆனால் முகம் தெரிகிற படங்கள் குறைவு, ஏன்?

இதைக் கேட்டதற்கு நன்றி. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மரிக்கொழுந்தில் இருந்து, உணவைக் கெட்டியாக உறைய வைக்கிற அகர் எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்குவார்கள். பல மாதம் கூடவே படகில் போய் எடுத்தேன். வெளியிடுவதற்கு முன்னால் படங்களைக் கொண்டுபோய்க் காட்டியபோது ஒரு அக்கா இரண்டு படங்களைத் தனியாக எடுத்து வைத்து, "இதுல என் மொகமும் தெரியுது, தீவும் தெரியுது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை, அனுமதி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. தலைமுறையாகப் போய்வந்த இடம், இப்போது படம் ஒன்றே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். என் பார்வையில் அந்த இரண்டும்தான் நான் எடுத்ததிலேயே சிறந்தவை, அவை வெளியே வராது. அனுமதி என்பது எடுக்கும்போது ஒருமுறை கேட்டு முடிகிற விஷயம் இல்லை, வெளியிடும்போதும் கேட்க வேண்டும்.

முதலில் எழுத்தா, படமா?

நோட்டுச் சொல், படம், அப்புறம்தான் கட்டுரை. படத்தில் தெரிவதை எழுத்தில் திரும்பச் சொல்ல மாட்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் வரிசையாக நிற்கும், பெயிண்ட் அடிப்பார்கள். நிறம் படத்தில் வந்துவிடும். ஆணி அடிக்கிற சத்தம், டீசலும் காய்ந்த மீனும் கலந்த வாடை, வருமானமில்லாத வீட்டில் பள்ளிக்கூடச் செலவைப் பற்றிய பேச்சு, இதெல்லாம் எழுத்தில்தான் வரும். அன்று இரவே எழுதிவிடுவேன், மறுநாள் ஆகிவிட்டால் அவர்கள் பேச்சு போய் என் பேச்சு வந்துவிடுகிறது.

இப்போது நோட்டில் இருக்கிற சொல் என்ன?

ஆவுளியா. கடல்பசுவுக்கு நம் பக்கத்துப் பெயர். கடற்புல் மேய்கிற சாதுவான உயிர். அதைக் காக்க 2022இல் பாக் விரிகுடாவில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரமாக 448 சதுர கிலோமீட்டரை ஒதுக்கினார்கள். உயிரோடு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை, அதனால் பார்த்தவர்களின் முகத்தையும் பேச்சையும் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். தொண்டித் தம்பி, உங்கள் ஊரில் ஆவுளியாவைக் கண்ணால் கண்ட பெரியவர்கள் இருந்தால் கேட்டு வையுங்கள், வாடை அடங்கியதும் வருகிறேன்.