கேளுங்கள், சொல்கிறோம்: கண்டனத்தைத் தாண்டி என்ன வழி?

கேள்வி: ஒரு சர்வாதிகார அரசு வழிபாட்டுத் தலங்களைப் பூட்டி, மதகுருக்களைச் சிறையில் தள்ளுகிறது. வெளியில் இருப்பவர்கள் கண்டனம் தெரிவிப்பதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையவே செய்யலாம். முதல் வேலை, ஆதாரம் சேர்ப்பது. பூட்டு, சீல், அறிவிப்பு ஆகியவற்றின் படங்களைத் திருத்தாமல் மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். பல ஆதாரங்கள் பலமிழப்பது இங்கேதான். தேதி, உத்தரவு எண், வந்த அதிகாரியின் பதவி மூன்றையும் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

அடுத்து, ஐ.நா.வின் மதச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளருக்கு, அதாவது மத உரிமை மீறல்கள் குறித்து அரசுகளிடம் விளக்கம் கேட்கும் சுயேச்சையான நிபுணருக்கு, புகார் அனுப்பலாம். உள்நாட்டு நீதிமன்றங்களை ஏறி இறங்கி முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கு இல்லை. ஆனால் அவர் அரசுக்கு எழுதும் கடிதத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயர் இருக்கும். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் புகாரை அனுப்பவே கூடாது. காப்பாற்றப் போய் ஆளையே காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

'தேசப் பாதுகாப்பு' என்று அரசு சாக்குச் சொல்லுமே என்கிறீர்களா? குடிமை, அரசியல் உரிமைகளுக்கான 1966ஆம் ஆண்டு சர்வதேச உடன்படிக்கையின் 18ஆவது பிரிவு, வழிபாட்டைக் கட்டுப்படுத்த அதை ஒரு காரணமாக ஏற்கவில்லை.

அரசுகளை உண்மையில் தயங்க வைப்பது பணம்தான். அமெரிக்காவின் 2016ஆம் ஆண்டு மாக்னிட்ஸ்கி சட்டமும், 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த தடை முறையும் உத்தரவு போட்ட தனி அதிகாரியின் சொத்தையே முடக்குகின்றன. நாடு முழுவதற்கும் தடை விதித்தால் அடி சாமானியர் மேல்தான் விழும். அதனால் அதிகாரியின் பெயர், பதவி, கையெழுத்துள்ள உத்தரவு மூன்றும் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.